ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்?

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியிலிருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு விமானத்தில் போக எத்தனை மணி நேரம் ஆகும் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரிதான் முதலில் தோன்றும். இரண்டு ஊர்களின் விமான நிலையங்களுக்கும் இடையே பூமிப் பரப்பின் மீது அளந்தால் ஏறத்தாழ 7,830 கிலோமீட்டர். நெடுந்தூர ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம் வருகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குமுன் வேகத்தைக் குறைப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் கூட்டினால் ஒன்பதரை. 2022 பிப்ரவரி வரை ஃபின்ஏர் நிறுவனத்தின் கால அட்டவணையும் கிட்டத்தட்ட இதையே சொன்னது. அடுத்த மாதம் அதே நிறுவனம், அதே ஏர்பஸ் ஏ350 விமானத்தில், அதே இரண்டு ஊர்களுக்கு விற்ற பயணச்சீட்டில் சுமார் பதின்மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தது. ஊர்கள் இடம் பெயரவில்லை, எஞ்சின்களும் வலு இழக்கவில்லை. கணக்கில் நாம் சேர்க்காமல் விட்ட ஏதோ ஒன்றின் விலை மூன்றரை மணி நேரம். கீழே கிடக்கும் நாட்டின் அனுமதிதான் அது. தொலைதூர நகரங்களுக்கு நடுவே பயண நேரத்தைத் தீர்மானிப்பதில் வரைபடம், காற்று, எஞ்சின் மூன்றையும் விட இந்த அனுமதிக்கே கனம் அதிகம் என்பது இக்கட்டுரையின் கட்சி.

முதலில் வரைபடத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சுவரில் மாட்டும் உலகப்படத்தில் ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையே ஒரு கோடு கிழித்தால் அது கஜகஸ்தானின் வடக்கு ஓரம், மங்கோலியா, வடசீனா என்று கீழ்நோக்கிச் சரிந்து போகும். உண்மையான குறுக்குவழி அதுவல்ல. ஒரு பூகோள உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களிலும் நூலின் இரு முனைகளை அழுத்தி இழுத்துப் பிடித்தால், நூல் தெற்கே போகாமல் வடக்கே ஏறும். ஹெல்சிங்கி இருப்பது 60 பாகை வடக்கில், டோக்கியோ 36 பாகைக்கும் சற்றுக் கீழே. ஆனாலும் இரண்டையும் இணைக்கும் மிகக் குறைந்த பாதை 67 பாகை வரை மேலே போய், ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுக் கடந்து, பிறகுதான் இறங்குகிறது. உருண்டையைத் தாளில் விரிக்கும்போது துருவத்தை ஒட்டிய பகுதிகள் அகலமாக இழுபட்டுவிடுவதால் வரும் கோளாறு இது. மாலுமிகளும் விமானிகளும் பெருவட்டப் பாதை என்று சொல்வது இந்த நூல் வழியைத்தான். ஹெல்சிங்கி - டோக்கியோ பெருவட்டப் பாதையில் ஒரு விசேஷம்: பின்லாந்தின் கிழக்கு எல்லையைத் தாண்டியது முதல் ஜப்பான் கடலுக்கு வரும் வரை கீழே இருப்பது பெரும்பாலும் ஒரே நாடு, ரஷ்யா. பதினொரு நேர மண்டலங்களுக்கு நீண்டு கிடக்கும் ஒரு நிலப்பரப்பு. அதன் கதவு திறந்திருந்தால் ஐரோப்பாவிலேயே கிழக்காசியாவுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் தலைநகரங்களில் ஒன்று ஹெல்சிங்கி. மூடிக்கொண்டால் அது ஒரு கண்டத்தின் கோடி மூலை.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. மூன்று நாள் கழித்து ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடுவதாக அறிவித்தது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. முதலில் மூடியது ஐரோப்பா, பதிலுக்கு மூடியது ரஷ்யா. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு, பயண நேரத்துக்கு அது தெரியாது. ஃபின்ஏருக்கு இரண்டு வழிகள் மிஞ்சின. ஒன்று தெற்கே இறங்கி ருமேனியா, துருக்கி, ஜார்ஜியா, அஜர்பைஜான், கஜகஸ்தான், சீனா, தென்கொரியா என்று சுற்றுவது. மற்றொன்று நேரே வடக்கே ஏறி, வட துருவத்தைத் தாண்டி, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் நடுவில் இருக்கும் பெரிங் நீரிணைப் பக்கம் இறங்கி, பசிபிக் வழியாக ஜப்பானை அடைவது. இந்த இரண்டாம் வழியைக் கூட்டிப் பார்த்தால் பாதிப்பு புரியும். ஹெல்சிங்கியிலிருந்து துருவம் சுமார் 3,300 கிலோமீட்டர். துருவத்திலிருந்து பெரிங் நீரிணை இன்னொரு 2,650. அங்கிருந்து டோக்கியோ, நூல் பிடித்த மாதிரி போனாலும், 4,650. ஆக மொத்தம் 10,600. அந்தக் கடைசித் துண்டிலும் நூல் பிடித்துப் போக முடியாது, குறுக்கே ரஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பம் நிற்கிறது. அதையும் ஒதுங்கிப் போனால் 11,000 கிலோமீட்டர் தாண்டிவிடும். 7,830 என்ற எண்ணை எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் அது சரியான எண்தான். அந்த வழியில் போகத்தான் ஃபின்ஏரின் விமானத்துக்கு இப்போது உரிமை இல்லை.

இது புதிதாக வந்த தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பனிப்போர்க் காலம் முழுவதும் மேற்கு ஐரோப்பாவின் விமானங்களுக்குச் சோவியத் வான்வெளி பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. ஸ்காண்டிநேவிய நாடுகளின் எஸ்.ஏ.எஸ். நிறுவனம் 1957 பிப்ரவரியில் கோபன்ஹேகனிலிருந்து துருவப் பகுதி வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜ் போய், எரிபொருள் நிரப்பி, டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. டி.சி.-7 என்ற, சுழலிறக்கை வைத்த விமானம். முப்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனது. மத்திய கிழக்கு, இந்தியா, தென்கிழக்காசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறிப் போகும் தெற்கு வழியோடு ஒப்பிட்டால் அதுவே பெரிய லாபம். ஜெட் விமானங்கள் வந்த பிறகும் முப்பது ஆண்டுக் காலம் ஐரோப்பாவையும் ஜப்பானையும் இணைத்த வாசல் ஆங்கரேஜ்தான். ஐரோப்பாவுக்குப் போய் வந்த ஒரு தலைமுறை ஜப்பானியர்களுக்கு அந்த விமான நிலையத்தின் வரியில்லாக் கடைகளும், நடு இரவில் ஆவி பறக்க ஊடோன் நூடுல்ஸ் விற்ற கடையும் இன்னும் நினைவில் இருக்கின்றன. 1983 ஏப்ரலில் ஃபின்ஏர் ஒரு துணிச்சல் செய்தது. கூடுதல் எரிபொருள் தொட்டி வைத்த டி.சி.-10 விமானத்தில், ஆங்கரேஜில் இறங்காமலேயே, வட துருவம் வழியாக ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேராகப் பறந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் போன முதல் சேவை அது. எடுத்துக்கொண்ட நேரம் சுமார் பதின்மூன்று மணி. 2022-இல் வந்து நிற்கும் எண்ணும் அதே பதின்மூன்று என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

அந்தப் பூட்டு வெறும் சட்டக் காகிதமாக இருக்கவில்லை. 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சோல் போக வேண்டிய கொரிய விமானம் ஒன்று திசை தவறிச் சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. துருவத்தின் அருகே காந்தத் திசைகாட்டி பயன்படாது, அன்றைய வழிகாட்டும் கருவிகளோ முழுக்க விமானக் குழுவின் கணக்கை நம்பியவை. சோவியத் போர் விமானம் சுட்டதில் இரண்டு பயணிகள் இறந்தனர், விமானம் உறைந்த ஏரி ஒன்றின் மீது இறங்கியது. ஐந்தாண்டுகள் கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, நியூயார்க்கிலிருந்து ஆங்கரேஜ் வழியாகச் சோல் சென்ற மற்றொரு கொரிய விமானம் கம்சாத்காவின் மேல் வழி விலகிப் பறந்து, சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான், அமெரிக்க ராணுவம் உருவாக்கிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். பொது மக்கள் பயன்பாட்டுக்கும் இலவசமாகக் கிடைக்கும் என்று அதிபர் ரீகன் அரசு அறிவித்தது. இன்று ஆட்டோ ஓட்டுநர் கைப்பேசியில் வழி பார்ப்பதற்குப் பின்னால் மூடிய வான்வெளி ஒன்றின் கதை இருக்கிறது.

வானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் ஒளிவுமறைவு இல்லாதது. 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் முதல் விதி, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழுமையான, தனக்கு மட்டுமேயான இறையாண்மை உண்டு என்கிறது. கடலில் உள்ளது போலக் கரையைத் தாண்டிவிட்டால் யாரும் போகலாம் என்ற வழக்கம் நிலத்துக்கு மேலுள்ள வானுக்குக் கிடையாது. முறையான சேவை நடத்தும் விமானங்கள் ஒரு நாட்டின் மேல் இறங்காமல் கடந்து போகும் உரிமை தனியாக வேறோர் ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டது. விரும்பும் நாடுகள் அதில் சேர்ந்துகொள்ளலாம். ரஷ்யா சேரவில்லை. சீனா, பிரேசில், இந்தோனேசியாவும் சேரவில்லை. கனடா சேர்ந்திருந்து 1988-இல் விலகிக்கொண்டது. பரப்பில் உலகிலேயே பெரிய நாடுகள் பல இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. குறுக்கே படுத்திருப்பவனுக்கு வழியின் மதிப்பு தெரியும். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு சைபீரிய வழி பரவலாகத் திறந்தபோதும் ஐரோப்பிய நிறுவனங்கள் வழக்கமான வழிகாட்டுக் கட்டணத்துக்கு மேல் ரஷ்ய நிறுவனமான ஏரோஃப்ளோட்டுக்குத் தனியாக ஒரு தொகை கட்டி வந்தன. போட்டியாளருக்கே கப்பம் கட்டும் இந்த விசித்திர ஏற்பாடு ஆண்டுக்குப் பல நூறு மில்லியன் யூரோ பெறுமானம் உள்ளதாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டு முறையிட்டது, பேசியது, ஆனால் நிறுவனங்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தன. மூன்றரை மணி நேரத்தின் விலை அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே 2022-க்குப் பிறகு நிலைமையைச் சரியாகச் சொல்வதானால், இரு நகரங்களுக்கு நடுவே ஒரே தூரம் என்பது இல்லாமல் போயிற்று. விமானத்தின் வாலில் எந்த நாட்டுக் கொடி என்பதைப் பொறுத்துத் தூரம் மாறுகிறது. பெய்ஜிங்கிலிருந்து லண்டனுக்குச் சீன நிறுவனத்தின் விமானம் இன்றும் ரஷ்யா வழியாகவே போகிறது, அதற்குத் தடை இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே ஊருக்குச் சுற்றிப் போக வேண்டியிருந்தது, 2024 அக்டோபரில் அந்தப் பெய்ஜிங் சேவையையே நிறுத்திவைத்தது. இந்த விஷயத்தில் இந்தியா இரண்டு பக்கமும் அனுபவப்பட்ட நாடு. ஏர் இந்தியா டெல்லியிலிருந்து சான்ஃப்ரான்சிஸ்கோவுக்கு ரஷ்ய வான்வெளியில் தடையின்றிப் பறக்க முடிந்தபோது, அதே வழியில் பறந்துவந்த அமெரிக்காவின் யுனைடெட் தன் சேவையை நிறுத்த நேர்ந்தது. பிறகு 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியதும் தராசு மறுபக்கம் சாய்ந்தது. டெல்லியிலிருந்து லண்டனுக்குப் புறப்படும் பிரிட்டிஷ் விமானம் பாகிஸ்தான் மீது போகலாம், இந்திய விமானம் அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டும். 2025 செப்டம்பர் முதல் டெல்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியபோது சொன்ன காரணங்களில், விமானப் பற்றாக்குறையோடு இந்த மூடலும் ஒன்று.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில உண்டு, அவற்றில் வலுவானது தொழில்நுட்பம் பற்றியது. முப்பது மணி நேரம் பத்து மணி நேரமாகக் குறைந்தது எஞ்சினால்தானே, அனுமதியால் அல்லவே என்று கேட்கலாம். 1957-க்கும் 1983-க்கும் இடையே நடந்ததைப் பொறுத்தவரை இது சரி. சுழலிறக்கை போய் ஜெட் வந்ததும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பானது, எரிபொருள் நிறுத்தங்கள் குறைந்தன. ஆனால் ஜெட் பயணிகள் விமானத்தின் வேகம் 1950-களின் கடைசியில் போயிங் 707 வந்தபோது எங்கே இருந்ததோ அங்கேயேதான் இன்றும் நிற்கிறது. ஒலியின் வேகத்தில் எண்பது, எண்பத்தைந்து சதவீதம். அதற்கு மேல் போனால் காற்றின் எதிர்ப்பு சட்டென்று ஏறி எரிபொருளைத் தின்றுவிடும். அந்த வேலியைத் தாண்டிய கான்கார்டு 2003-இல் ஓய்வு பெற்றது. எனவே கடந்த அறுபது ஆண்டுகளில் ஹெல்சிங்கி - டோக்கியோ நேரத்தைப் பதின்மூன்றிலிருந்து ஒன்பதரைக்குக் குறைத்ததும், மறுபடி பதின்மூன்றுக்கு ஏற்றியதும் பொறியாளர்கள் அல்லர். அவர்கள் செய்தது வேறு, அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 1983-இன் டி.சி.-10 மூன்று எஞ்சின் கொண்டது. இரட்டை எஞ்சின் விமானம் ஓர் எஞ்சின் நின்றுபோனாலும் மற்றொன்றைக் கொண்டு போய்ச் சேரக்கூடிய தூரத்தில் ஒரு விமான நிலையம் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு ஒரு காலத்தில் அறுபது நிமிடம். துருவத்தில் ஒரு மணி நேரத் தொலைவில் ஓடுபாதைக்கு எங்கே போவது? எஞ்சின்களின் நம்பகம் கூடக் கூட அந்தக் கெடு நீண்டு, ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை சான்று கிடைத்திருக்கிறது. அதனால்தான் கதவு மூடிய இரண்டே வாரத்தில் ஃபின்ஏரால் டோக்கியோவுக்கு மறுபடி பறக்க முடிந்தது. தொழில்நுட்பம் சுற்றுவழியைத் தாங்கிக்கொள்ளும் திராணியைக் கொடுத்தது. நேர்வழியைக் கொடுக்க அதனால் ஆகவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் காற்று. போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்பது நெடுந்தூரப் பயணிகள் எல்லாரும் அறிந்தது. பூமியின் நடு அட்சரேகைகளில் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு அதற்குக் காரணம். இதை முறையாக அளந்தவர்களில் முன்னோடி ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓய்ஷி. டோக்கியோவுக்கு வடக்கே டடேனோ ஆய்வு நிலையத்தில் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே பயங்கர வேகத்தில் காற்று ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று 1926-இல் அதை எஸ்பராண்டோ மொழியில் வெளியிட்டார், விளைவாக உலகத்தில் கிட்டத்தட்ட யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜப்பான் மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானிகள்தான் அந்தக் காற்றில் மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டார்கள். 1952 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்கு இந்தக் காற்றில் ஏறிப் பறந்து, பதினெட்டு மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரையாகக் குறைத்தது. காற்றின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் உலகிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று என்பதால், 2022-க்குப் பிறகு டோக்கியோவிலிருந்து லண்டன் புறப்பட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மேற்கே இருக்கும் ஊருக்குக் கிழக்கு நோக்கிக் கிளம்பியது. பசிபிக், அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து என்று உலகத்தின் தலையைச் சுற்றிக்கொண்டு போனது.

ஆனால் இங்கே நடப்பதைக் கவனித்தால், காற்று இரண்டாம் இடத்தில் இருப்பது தெரியும். சைபீரியா திறந்திருந்த காலத்தில் ஹெல்சிங்கி - டோக்கியோ போக ஒன்பதரை, வர ஏறத்தாழ பத்து மணி நேரம். பெரும்பாலான நாட்களில் காற்று அவ்வளவாகக் கெடுத்ததில்லை எனலாம், ஏனென்றால் விமானி அதைச் சுற்றி ஒதுங்கலாம், உயரம் மாற்றலாம். எந்தச் சுற்றுவழியை இன்று எடுப்பது என்று தேர்ந்தெடுக்கத்தான் காற்று உதவுகிறது. எந்த வழிகள் தேர்வுக்கே வரலாம் என்பது அதற்கு முன்பே வேறெங்கோ முடிவாகிவிடுகிறது. காற்றின் போக்கைக் கணினி சில நாள் முன்பே சொல்லிவிடும். வெளியுறவு அமைச்சகத்தின் போக்குக்கு அப்படி ஒரு கணினி இல்லை.

மூன்று மணி நேரம் கூடினால் என்ன, இன்னும் ஒரு சினிமா பார்க்கலாம் என்று பயணி சொல்லலாம். அவருக்கு அது இன்னொரு சினிமா. நிறுவனத்துக்கு அது வேறு கணக்கு. போக ஒன்பதரை, வரப் பத்து என்றால் பத்தொன்பதரை மணி நேரம். இரண்டு முனையிலும் பயணிகளை இறக்கி, சுத்தம் செய்து, எரிபொருளும் சாப்பாடும் ஏற்றி அனுப்ப நாலரை மணி நேரம் மிச்சமிருக்கிறது. அதாவது ஒரே விமானம் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பி, மறுநாளும் அதே நேரத்தில் புறப்படலாம். ஃபின்ஏர் ஐரோப்பாவின் சிறிய நாடு ஒன்றிலிருந்து ஆசியாவுக்குப் பெரிய வலை பின்னியது இந்தச் சுழற்சியை நம்பித்தான். பாரிஸுக்கோ ஃபிராங்ஃபர்ட்டுக்கோ இந்த வசதி கிடையாது, அவை இன்னும் மேற்கே தள்ளி இருக்கின்றன. பதின்மூன்றும் பதின்மூன்றும் இருபத்தாறு. சுழற்சி உடைந்துவிட்டது, அதே கால அட்டவணைக்கு இப்போது இரண்டு விமானம் வேண்டும், விமானிகளும் கூடுதலாக வேண்டும். ஏ350 மணிக்குச் சுமார் ஆறு டன் எரிபொருள் குடிக்கும், ஆக ஒவ்வொரு முறையும் இருபது டன் அதிகம். அது எரிந்து வெளிவிடும் கரியமில வாயு அறுபது டன்னைத் தாண்டும். ஆசியாவுக்கென்று வாங்கிய பெரிய விமானங்களில் சிலவற்றை ஃபின்ஏர் பணியாளர்களோடு சேர்த்துப் பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. சிட்னியிலிருந்து சிங்கப்பூருக்குக் குவான்டாஸ் பயணச்சீட்டில் போனவர்கள் பின்லாந்து விமானத்தில், பின்லாந்துப் பணியாளர்கள் பரிமாற, பயணம் செய்த விநோதம் அப்படி நேர்ந்ததுதான்.

இதெல்லாம் போர்க்கால விதிவிலக்கு, சண்டை ஓய்ந்தால் நேர்வழி திரும்பிவிடும் என்பது கடைசி எதிர்வாதம். வரலாற்றைப் பார்த்தால் எது விதி, எது விலக்கு என்பதில் சந்தேகம் வருகிறது. ஐரோப்பிய விமானங்கள் சைபீரியா மீது தாராளமாகப் பறந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அதற்கு முன் பூட்டிக் கிடந்த காலம் அதைவிட நீளம். வேறு திசையில் பார்த்தாலும் இதே கதைதான். குவான்டாஸ் 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு 14,500 கிலோமீட்டர் இடைநில்லாச் சேவை தொடங்கியபோது அதை யுகப் புரட்சி போலப் பேசினார்கள். 2024 ஏப்ரலில் ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் பதற்றம் முற்றியதும் ஈரான் வான்வெளியைத் தவிர்க்க வேண்டி வந்தது. சுற்றிப் போக எரிபொருள் போதாமல் லண்டன் விமானம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போயிற்று. திரும்பி வரும்போது மட்டும் பின்காற்று உதவியதால் இடைநில்லாமல் வர முடிந்தது. இன்னும் பின்னே போனால், 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வான்வழியே அறுந்துபோனது. மறு ஆண்டு முதல் 1945 வரை குவான்டாஸின் கேட்டலினா நீர்விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரிக்கு, ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர், நடுவில் எங்கும் இறங்காமல், வானொலி பேசாமல், நட்சத்திரம் பார்த்துப் பறந்தன. மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது, மீதி எல்லாம் எரிபொருளும் தபாலும். முப்பது மணி நேரத்தை ஒட்டி ஆகும் என்பதால் பறக்கும்போதே இரண்டு முறை சூரியோதயம் பார்த்துவிடுவார்கள். அதற்கென்று பயணிகளுக்கு ஒரு சான்றிதழும் தந்தார்கள். 2022-இல் துருவம் தாண்டிய பயணிகளுக்கு ஃபின்ஏரும் சான்றிதழ் தந்தது. விமான நிறுவனம் கையில் சான்றிதழ் கொடுத்தால் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதி கிடைத்துவிட்டால் எல்லாம் சுகம் என்றும் ஆகிவிடாது. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான்ஃப்ரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியாவின் போயிங் 777 எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள மகதானில் இறங்கியது. 216 பயணிகளும் 16 பணியாளர்களும் பெரிய ஓட்டல்கள் இல்லாத அந்த ஊரில், கிடைத்த தங்குமிடங்களில் காத்திருந்தனர். மறுநாள் மும்பையிலிருந்து மாற்று விமானம் போய் அழைத்துச் சென்றது. பொருளாதாரத் தடையில் இருக்கும் நாட்டில் அமெரிக்கத் தயாரிப்பு விமானம் ஒன்று பழுதாகி நின்றால் உதிரிபாகம், பழுதுபார்ப்பு, காப்பீடு எல்லாமே சிக்கல். குறுக்குவழியில் போகிறவர் மிச்சப்படுத்தும் மணிநேரத்தோடு இந்த அபாயத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும். ஆனாலும் அந்த எடை போடும் வாய்ப்பே அனுமதி உள்ளவருக்குத்தான்.

இனி வரப்போகும் அதிவேக விமானங்கள் இந்தக் கணக்கைக் கலைத்துப் போடுமா? அமெரிக்காவின் பூம் நிறுவனம் ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் ஓவர்ச்சர் என்ற பயணிகள் விமானத்தைத் திட்டமிட்டு வருகிறது. அதன் சிறிய சோதனை விமானம் 2025 ஜனவரியில் ஒலியின் வேகத்தைத் தாண்டியது. பெரிய விமானம் ஒலியைப் போல 1.7 மடங்கு வேகத்தில் பறக்கும், ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் 4,250 கடல் மைல் போகும் என்கிறார்கள். கிலோமீட்டரில் சுமார் 7,870. ஹெல்சிங்கி - டோக்கியோ நேர்வழி 7,830, நூலிழையில் பொருந்துகிறது. ஆனால் அந்த வழி ரஷ்யா மீது போகிறது, ஒலியை மிஞ்சும்போது எழும் இடி முழக்கத்துக்கும் சேர்த்து அங்கே அனுமதி வாங்க வேண்டும். கதவு இன்றுபோல் மூடியே இருந்தால் துருவச் சுற்றுவழிதான், அதற்கு 11,000 கிலோமீட்டர் வேண்டும். ஆக உலகின் அதிவேகப் பயணிகள் விமானம் நடு வழியில் எங்கோ இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும். வரைபடத்தில் தேடினால் அதற்குத் தோதான இடம் ஆங்கரேஜ். ஊடோன் கடை எப்போதோ மூடிவிட்டது. எரிபொருள் மட்டும் அங்கே தாராளமாகக் கிடைக்கும், ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் விமானங்கள் இன்றும் தினமும் அங்கே இறங்கித்தான் நிரப்பிக்கொள்கின்றன.